சமாதானத்தாரும் எங்கள் பங்குக் கிணறும்

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள். சிலர் சட்டியைப் போட்டு உடைப்பார்கள். நான் இலக்கம் போடுவேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று காரணங்களை அடுக்கிச் சொல்லி முடிக்கும்வரை என் குரல் உயராது, முகமும் மாறாது. இதை வைத்துத்தான் ஊர் எனக்கு 'அமைதியான பிள்ளை' என்று பெயர் சூட்டியிருக்கிறது. (அம்மாவைக் கேட்டால் வேறு பெயர் சொல்லுவா.) இந்தக் கட்டுரை சமாதானத்தைப் பற்றியது. ஆகையால் முழுக்க முழுக்கக் கோபத்தோடு எழுதுகிறேன்.

அப்போது நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வானொலிப் பொறியியல் படித்து முடித்து, ஒரு சிறிய பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். வளாகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் எனக்குச் சம்பளம். ஒலிபெருக்கி, படம் காட்டும் கருவி, குரலைப் பதிகிற ரேப் ரெக்கோடர் எல்லாம் என் பொறுப்பு. வகுப்பிலேயே ஒரே பெண்ணாகப் படித்து வந்தவள் என்பதால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். ஒரு வயரைச் செருகுவதற்கு முன்னால்கூட செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதி வைப்பேன். உலகத்தில் எந்தப் பழுதையும் ஒழுங்காகத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம், கண்டுபிடித்தால் திருத்திவிடலாம் என்பது என் கொள்கை. மனிதர்களையும் சேர்த்துத்தான்.

அந்த ஆண்டு ஒரு படிப்புத் தவணைக்கு மட்டும் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்தார். சமாதானமும் முரண்பாடும் என்ற புதுப் பாடத்தை எங்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதற்காக. எந்த நாட்டுக்காரர் என்பதும் வேண்டாம், அந்த நாட்டிலும் நல்லவர்கள் இருப்பார்கள்.

முதல் விரிவுரையில் கரும்பலகை முழுவதும் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்தார். மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசாததுதான் எல்லா முரண்பாட்டுக்கும் வேர் என்றார். பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், நல்ல புள்ளி எடுத்தும் எங்கடை பெடியளுக்கு பல்கலைக்கழகத்திலை இடமில்லை. இதுக்கு ஆரோடை கதைக்கிறது?" என்று கேட்டான். பேராசிரியர் மொழிபெயர்ப்புக்காகத் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில், பெரிய விடயங்களைப் பிறகு பார்க்கலாம், சிறிய முரண்பாடு ஒன்றில் தொடங்குவோம் என்று பேராசிரியர் சொன்னார். "உண்மையான, சிறிய, பக்கத்திலே இருக்கிற முரண்பாடு. யாருக்காவது தெரியுமா?"

ரேப் ரெக்கோடருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நான் கையை உயர்த்தினேன். என்னை யாரும் கேட்கவில்லை. என் ஆங்கிலத்தை நாலு பேர் கேட்கட்டும் என்ற ஆசைதான். "எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது," என்றேன்.

இருந்தது உண்மைதான். எங்கள் ஐயாவுக்கும் பக்கத்துக் காணியில் இருக்கும் அவருடைய அண்ணனான என் பெரியப்பாவுக்கும் எட்டு வருடமாகக் கதை பேச்சில்லை. பெரியப்பா தன் மூத்த மகளின் கலியாணத்துக்கு நேரில் வந்து சொல்லாமல் ஆளிடம் அழைப்பிதழ் கொடுத்தனுப்பிவிட்டார். "சொந்தத் தம்பிக்கு வாசலுக்கு வந்து சொல்ல ஏலாதோ?" என்று ஐயா போகவில்லை. "தம்பிக்குமோ சொல்லவேணும்? அவன்ரை வீட்டுக் கலியாணமெல்லோ!" என்று பெரியப்பா பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் எட்டு வருடம் தாக்குப்பிடித்தது.

ஆனால் கிணறு ஒன்றுதான். தாத்தா விட்டுப்போன பங்குக் கிணறு. இரண்டு வீட்டு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். ஒருவர் இறைத்து முடித்து, ஊற்று ஊறி, பிறகுதான் மற்றவர் தன் இறைப்பு மிசினைப் போடவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் இறைத்தால் கிணறு வற்றிவிடும், அடியிலிருந்து உவர்த் தண்ணீர் ஏறிவிடும். பேசாமல் எப்படி முறை வைப்பது?

மாட்டிடம் சொல்லித்தான். பெரியப்பா இறைத்து முடித்ததும் வேலியோரம் கட்டியிருக்கும் தன் பசுவைப் பார்த்து, எங்கள் வீட்டு அடுப்படிவரை கேட்கிற குரலில் சொல்லுவார்: "எடி லட்சுமி, நாங்கள் முடிச்சாச்சு. வெயில் சாயத் தண்ணி ஊறீடும். இனி ஆரும் இறைக்கலாம்." ஐயா எங்கள் நாய் வீமனைப் பார்த்துப் பதில் சொல்லுவார்: "வீமா, நாளைக்குக் காலமை எங்களுக்கு வேலையில்லை. தேவையான ஆக்கள் இறைச்சுக் கொள்ளட்டும்." ஒருமுறை ஐயா காய்ச்சலில் விழுந்தபோது பெரியப்பா பசுவிடம், "லட்சுமி, சிலபேர் போர்வைக்குள்ளை கிடக்கினம். பயிர் என்ன பாவம் செய்தது? நான் வாய்க்காலை அங்காலை திருப்பிவிடப் போறன்," என்று அறிவித்துவிட்டு எங்கள் தோட்டத்துக்கும் இறைத்தார். ஐயா பாயில் கிடந்தபடியே, "வீமா, பெரிய மனிசர் பெரிய மனிசர்தான்," என்றார். நாய் வாலை ஆட்டியது.

இதையெல்லாம் நான் அந்த மண்டபத்தில் ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு பின்தங்கியவர்கள் என்று காட்டிவிட்ட பெருமை எனக்கு. பேராசிரியர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை பேராசிரியர், துறைத் தலைவரையும் கூட்டிக்கொண்டு அவருடைய பழைய 'ஏ போட்டி' காரில் வந்து எங்கள் வேலிப் படலையில் இறங்கினார். அவர்களோடு நானும் ரேப் ரெக்கோடரும். இரு தரப்பும் தங்கள் மனக்குறையைத் தனித்தனியாகப் பதிவு செய்வதுதான் முதல் கட்டம். "ஆய்வுக்கு மட்டும் என்று சொல்லுங்கள்," என்றார் பேராசிரியர். "ஐயா, இது வெளிநாட்டுக்குப் போற ரேப். இஞ்சை ஒருத்தரும் கேளாயினம்," என்று நான் சொன்னேன். அந்த வசனத்தைச் சொன்னது என் வாய். அதை என் வாயில் வைத்தவர் அவர். இந்த இரண்டையும் நான் இன்றுவரை சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஐயா சால்வையைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பார்த்தார். "அண்ணையிலை எனக்கென்ன கோவம்? அவர் தன்ரை பாட்டிலை இருக்கிறார், நான் என்ரை பாட்டிலை இருக்கிறன்."

நான் மொழிபெயர்த்தேன். "மறுக்கிறார். திரும்பக் கேளுங்கள்," என்றார் பேராசிரியர்.

திரும்பக் கேட்டேன். "அவர் மூத்தவர். விட்டுத்தள்ளு பிள்ளை. முதல் இவையைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லு."

"ஆழமாக அடக்கி வைத்திருக்கிறார்," என்று பேராசிரியர் துறைத் தலைவரிடம் மெல்லச் சொன்னார். துறைத் தலைவர் தலையாட்டினார். (அவர் எதற்கும் தலையாட்டுவார். சம்பள உயர்வு கேட்டால் மட்டும் ஆட்டமாட்டார்.) "இன்னும் ஒருமுறை."

"ஐயா, திரும்பவும் கேக்கச் சொல்லுறார்."

"உவருக்கு இப்ப என்ன, கோவம் வேணுமாமோ?"

"ஓம் ஐயா."

"எவ்வளவு வேணுமாம்?"

அப்போதாவது நான் ரேப்பை நிற்பாட்டியிருக்கலாம். நிற்பாட்டவில்லை. ஐயா அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா, "கடல் கடந்து வந்த மனிசன் வாசலிலை இருந்து கேக்கிறார். வெறுங்கையோடை அனுப்பலாமே?" என்றா. வந்தவருக்கு வாழைக்குலை கொடுப்பதுபோல ஐயா கோபம் கொடுக்கத் தொடங்கினார். தேடித் தேடிக் கொடுத்தார். வரம்பு, வாய்க்கால், பலாமரம், கலியாணம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, இன்னும் கனமாக ஏதாவது கொடுக்கவேண்டும் என்று யோசித்து, "எங்கடை அம்மா செத்த வீட்டிலை அண்ணை அழுதது அம்மாவுக்கில்லை, வடக்குக் காணிக்கு," என்றார். சொல்லிவிட்டு அவரே சற்றுத் திகைத்தார். "அவ்வளவு கோவம் காணுமோ எண்டு கேள்," என்றார்.

பேராசிரியரின் முகம் மலர்ந்தது.

பெரியப்பா வீட்டிலும் இதே கதைதான். பெரியப்பா இரண்டு சொல்லோடு எழுந்துவிட்டார். பெரியம்மா விடவில்லை. "பிள்ளை, அங்கை கொப்பரும் கொம்மாவும் எவ்வளவு நேரம் கதைச்சவை?" என்று கேட்டா. ஒரு பக்க ரேப் முடிந்தது என்றேன். "எங்களுக்கு மற்றப் பக்கமும் போடு," என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்தா. அம்மாவைப் பற்றி அன்று பெரியம்மா சொன்னவற்றில் பாதி அந்த இடத்திலேயே உண்டாக்கியவை. விருந்தில் ஒரு கறி கூடவேண்டும் என்ற வைராக்கியம், வேறொன்றுமில்லை.

இரண்டாம் கட்டம் 'முகத்துக்கு முகம்'. அதற்கு இரு வீட்டாரையும் வளாகத்துக்கு அழைக்கவேண்டும். பேராசிரியரும் துறைத் தலைவரும் திரும்பவும் காரில் வந்து, இரண்டு படலையிலும் நின்று, நேரில் சொன்னார்கள். எந்த ஒரு காரியத்தைச் செய்யாததால் எட்டு வருடம் கதை பேச்சில்லையோ, அதைச் செய்துவிட்டார்கள். இனி எப்படி மறுப்பது? ஐயா பட்டுச்சால்வை போட்டார். அம்மா கூறைச்சேலையை எடுத்தா. மறுபக்கத்தில் பெரியம்மா கழுத்தில் அட்டியல் போட்டுக்கொண்டா என்று வேலி இடுக்கால் தெரிந்தது. வீட்டுக்கொரு தடவையாகக் கார் வந்து ஏற்றிப் போனது.

அன்று காலை என் பட்டியல் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. மண்டபத்தில் இடம் போதாது என்று வெளியே வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றும் கட்டினேன். எல்லாம் பொருத்தி முடிந்ததும் பேராசிரியர் வந்து, "இரண்டு ரேப்பிலிருந்தும் சில பகுதிகளைப் போட்டுக் காட்டுவோம்," என்றார்.

"வெளிநாட்டுக்குப் போகும் என்றல்லவா சொன்னோம்?" என்றேன்.

"ஒருவர் வலியை மற்றவர் கேட்பதுதான் மருந்து. நம்புங்கள்."

நான் துறைத் தலைவரைப் பார்த்தேன். "தவமணி, உம்மடை வேலை ரேப்பைப் போடுறது. அதைப் பாரும்," என்றார்.

பார்த்தேன். வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் ஒலிபெருக்கி கூவாமல், இரையாமல், கரண்ட் போகாமல் நடந்தது அன்றுதான். மற்ற எந்த நாளிலாவது பழுதாகித் தொலைக்கிற அந்தப் பெட்டி, அன்று கோவில் மணிபோல வேலை செய்தது. ஒருவரையொருவர் பார்த்தபடி போட்ட கதிரைகளில் இரண்டு சோடியும் உட்கார்ந்திருக்க, பெரியம்மாவின் குரல் மண்டபத்திலும் வேப்பமரத்திலும் ஒரே நேரத்தில் எழுந்தது: "உடுப்புத் தோய்க்கிற சாட்டிலை அரைக் கிணத்துத் தண்ணியையும் ஊத்திப்போட்டுப் போறவள். அவள் வந்த நாள் தொட்டுத்தான் கிணத்தடியிலை பாசி."

"ஆர், நானோ?" என்று அம்மா எழுந்தா.

பெரியம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. கதிரையில் இருந்த பெரியம்மா பேசவில்லை, பெட்டிக்குள் இருந்த பெரியம்மா நிறுத்தவில்லை. அடுத்து ஐயாவின் குரல். வரம்பு, வாய்க்கால், பலாமரம். பெரியப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். செத்தவீட்டு வசனம் வந்தது.

பெரியப்பா தலையை நிமிர்த்தினார். எட்டு வருடத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்: "அம்மாவுக்கில்லையோடா?"

ஐயா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார்.

"என்ன சொன்னார்? என்ன சொன்னார்?" என்று பேராசிரியர் என் காதுக்குள் கேட்டார். சொன்னேன். "அற்புதம்! மனம் திறக்கிறார்!" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு.

நான் வயரைப் பிடுங்கினேன். அதற்குள் அம்மாவும் பெரியம்மாவும் இயந்திரத்தின் உதவியில்லாமலே தொடங்கிவிட்டார்கள். பாசி, அட்டியல், சீதனம், யாருடைய கறியில் உப்பில்லை என்பதுவரை. மாணவர்கள் கதிரையில் ஏறி நின்றார்கள். மானிப்பாய்ப் பக்கம் போகிற பஸ் ஒன்று வெளியே நின்றே போய்விட்டதாகவும், கொண்டக்டர் வேப்பமரத்தடிக்கு வந்து, "ஏன் நிப்பாட்டிப் போட்டியள்?" என்று கேட்டதாகவும் பிறகு அறிந்தேன். துறைத் தலைவர் நன்றியுரை வாசித்தார். (வாசிக்க எழுதியிருந்தார், அதனால் வாசித்தார்.)

காரில் திரும்பிப் போக யாரும் சம்மதிக்கவில்லை. நால்வரும் நடந்துபோய் ஒரே பஸ்ஸில் ஏறி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் நின்றபடி வந்தார்கள். பட்டும் அட்டியலுமாக. ஊர் முழுவதும் பஸ்ஸுக்குள் ஏறி இறங்கிப் பார்த்தது.

அன்று பின்னேரம் லட்சுமியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. முன்பு கதை பேச்சில்லை. அதனால் மாட்டிடம் சொன்னால் போதும். இப்போது கதைத்துவிட்டார்கள். இனி மாட்டிடம் சொன்னால் அது மாட்டிடம் சொன்னது மட்டும்தான். நேரே சொல்லவும் முகமில்லை. விடியும்போது இரண்டு மிசினும் ஒரே நேரத்தில் இரைந்தன. அடுத்த நாளும் அப்படியே. கிணற்றில் சேறு தெரிந்தது. பிறகு ஊறிய தண்ணீரை ஐயா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். உவர்.

வெங்காயம் காய் வைக்கிற நேரம். தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியது. ஐயா பாத்தி வரம்பில் குந்தியிருந்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் அந்த ரேப்பை இன்றைக்கு மறந்திருப்பேன்.

நான் வளாகத்துக்குப் போனேன். பஸ்ஸிலேயே இலக்கம் போட்டு முடித்துவிட்டேன். பேராசிரியர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், அடுத்த நாள் பயணம். கதவில் நின்றபடி, குரலை உயர்த்தாமல், சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன்:

"ஒன்று: என் தகப்பன் கோபமில்லை என்று இரண்டு தரம் சொன்னார், நீங்கள் நம்பவில்லை. இரண்டு: யாரும் கேட்கமாட்டார்கள் என்று என்னைக்கொண்டு சொல்லுவித்துவிட்டு ஊருக்கே கேட்க வைத்தீர்கள். மூன்று: நீங்கள் வருவதற்கு முன்பு எங்கள் வெங்காயத்துக்குத் தண்ணீர் இருந்தது."

அவர் என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதரை நான் நேருக்கு நேர் எதிர்த்த முதல் நாள். அவர் மெதுவாகச் சட்டைப்பையில் கையை விட்டு, பேனாவை எடுத்தார்.

"மிக முக்கியமான அவதானம்," என்றார். "மூன்றாவதைத் தயவுசெய்து திரும்பச் சொல்ல முடியுமா?"

என் வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல! திரும்பச் சொன்னேன். அதுவும் அவர் எழுதுவதற்கு வசதியாக, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக. 'வெங்காயம்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு இடைவெளியும் விட்டேன். பெரியவர்கள் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறவளாகவே என்னைப் படிப்பித்திருந்தார்கள், வீட்டிலும் கல்லூரியிலும். வளாக வாசலுக்கு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கோபம் முழுதாக வந்தது. அன்று வந்தது இன்னும் போகவில்லை.

அன்று பின்னேரம் நான் வேலியோரம் போனேன். நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் கிண்டல் செய்த அதே வேலை. வீமனைக் கூப்பிட்டு நிறுத்தினேன். வெட்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு பெரிய குரலில் சொன்னேன்: "வீமா, கேள். தண்ணி உவர்த்துப் போச்சு. நாளைக்கும் நாளையிண்டைக்கும் எங்கடை மிசின் ஓடாது. கிணறு ஊறட்டும். முதல் மூத்த வீட்டார் இறைக்கட்டும்."

வீமன் நம்பிக்கையில்லாமல்தான் என்னைப் பார்த்தது.

அடுத்த நாள் இரண்டு மிசினும் ஓடவில்லை. அதற்கு மறுநாள் வெயில் ஏற, பெரியம்மாவின் குரல் கேட்டது: "எடி லட்சுமி, ரேடியோ படிச்ச பிள்ளையளுக்கு இப்பதான் மூளை வேலை செய்யுது. பெரியப்பா இறைச்சு முடிச்சிட்டார் எண்டு சொல்லிவிடு."

அடுப்படியில் அம்மாவின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. அடுத்த நாள் விடிய, தண்ணீர் ஊறியதும் ஐயா எழுந்துபோய் மிசினைப் போட்டார். வெங்காயத்தில் பாதியைத்தான் பிடுங்கினோம். அதுவும் சின்னக் காய்.

இரண்டு வருடம் கழித்து வளாக நூலகத்துக்கு ஒரு சஞ்சிகை வந்தது. அதில் பேராசிரியரின் கட்டுரை. நீண்டகாலம் பேசாதிருந்த இரு விவசாயக் குடும்பங்களுக்கிடையே தனது முறையால் நேரடித் தொடர்பு மீண்டது என்று எழுதியிருந்தார். துறைத் தலைவருக்கு நன்றி. எனக்கு, 'உள்ளூர் உதவியாளர் ஒருவர்' என்ற இடம். லட்சுமி இல்லை. வீமன் இல்லை. வெங்காயமும் இல்லை. நான் அவ்வளவு கவனமாகத் திரும்பச் சொன்ன மூன்றாவதையும் காணவில்லை. துறைத் தலைவர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருக்கிறார். எங்கள் வளாகத்தில் சமாதானப் பாடத்துக்குக் கிடைத்த பங்களிப்பு என்று விருந்தினருக்குக் காட்டுகிறார். அந்தச் சட்டத்துக்கு ஆணி அடித்தது நான்தான். வேறு யாருக்கும் சுவரில் துளை போடத் தெரியாது.

போன வருடம் எனக்குக் கலியாணம் பேசி முடிந்தபோது, ஐயா வெற்றிலைத் தட்டோடு பெரியப்பா வீட்டு வாசலுக்கு நேரிலேயே போனார். பெரியப்பா வாசலில்தான் நின்றார். ஐயா அவரைத் தாண்டிப் பார்த்து, "லட்சுமி, பிள்ளைக்குக் கலியாணம். எல்லாரும் வரவேணும்," என்றார். பெரியப்பா தட்டை வாங்கிக்கொண்டு, "லட்சுமி, நாங்கள் முதல் நாளே வந்து நிப்பம் எண்டு சொல்லு," என்றார். வந்து நின்றார்கள். பந்தல் போட்டதே பெரியப்பாதான். மண்டபத்தில் பெரியப்பா கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகு இருவரும் இன்றுவரை ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

எனக்கு வாய்த்ததுதான் வேறு. எங்கள் வீட்டில் இப்போது யாருக்குக் கோபம் வந்தாலும், மற்றவர்கள் சட்டைப்பையில் கையை விட்டு இல்லாத பேனாவை எடுப்பார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்த முதல் மாதமே இதைப் பழகிக்கொண்டார். சோற்றில் கல் கிடந்ததற்கோ, அவர் பிந்தி வந்ததற்கோ நான் ஒன்று, இரண்டு என்று தொடங்கியவுடன் உள்ளங்கையில் எழுத ஆயத்தமாகி, "மூண்டாவதை ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கோ, தவமணி," என்பார். அம்மா சிரிப்பா. ஐயா சிரிப்பார். வேலிக்கு அப்பாலிருந்தும் சிரிப்புக் கேட்கும்.

சொல்லுகிறேன். இது எத்தனையாவது தரம் என்றாலும் சொல்லுவேன், எழுதிக்கொள்ளட்டும். மூன்று: நீங்கள் வருவதற்கு முன்பு எங்கள் வெங்காயத்துக்குத் தண்ணீர் இருந்தது.